ஹாலில் பாஸ் குமுறுகிறதா? எந்த ஈக்யூவுக்குக் காசு கொடுக்கலாம்

சண்டைக் காட்சி வந்தால் ஷோகேஸ் கண்ணாடி கடகடக்கிறது, வசனம் வந்தால் சப்டைட்டில் தேவைப்படுகிறது. ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் இன்னொரு பெட்டியைக் காட்டுவார்கள். பெரிய சப்வூஃபர் (பாஸ் எனும் அடி ஒலிக்கான ஸ்பீக்கர்), இல்லையென்றால் வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கரில் விலை கூடிய ஒன்று. இருக்கிற ஸ்பீக்கர்களின் ஒலியையே அறைக்குத் தகுந்தபடி டிஜிட்டலாகத் திருத்தும் வசதி, அதாவது ஈக்யூ (ஈக்வலைசேஷன்), ஸ்பீக்கர்களை இயக்கும் நம் ரிசீவருக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும். அந்தத் திருத்தத்துக்கும் இப்போது நாலைந்து வழிகள் வந்துவிட்டன, சல்லிக்காசு செலவில்லாததிலிருந்து பல லட்ச ரூபாய் வரை. அதனால் எதை எடுப்பது என்ற குழப்பமும் வந்துவிட்டது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் செங்கல் சுவர் வீடுகளில் ஈக்யூவால் பெரிய பலன் கிடைப்பது சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். அந்தப் பகுதியை ஒழுங்காகக் கையாளும் வழி எதுவோ அதற்குச் செலவு செய்யலாம். அதற்கு மேலே உள்ள ஒலிக்குக் காசு போடுவதானால் ஜமுக்காளத்துக்கும் கனமான திரைச்சீலைக்கும் போடுவது மேல்.

காரணம் அறையின் கணக்கு. 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பி, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். அது எந்த அதிர்வெண் என்று அறிய, ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். ஆக, நீளவாக்கில் 41 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 52, தரைக்கும் கூரைக்கும் இடையே 57. இவற்றின் இரட்டிப்புகளான 82, 104, 114 ஆகியவையும் கூடவே வரும். எந்தக் கம்பெனி ஸ்பீக்கரை வைத்தாலும் இந்த எண்கள் மாறாது.

ஆண் குரலின் அடிநாதம் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. மேலே சொன்ன இரட்டிப்புகள் வந்து விழுவதும் அங்கேதான். பாஸ் குமுறுவதும் வசனம் புரியாததும் பல வீடுகளில் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். சென்டர் ஸ்பீக்கரை டிவி ஸ்டாண்டின் அலமாரிக்குள் திணித்துவிட்டால் குரல் இன்னும் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும்.

இதில் நம் வீடுகளுக்கென்று ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஹோம் தியேட்டர் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்க வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. அங்கே உட்சுவர் என்பது மரச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. பாஸ் அதன்மேல் மோதும்போது பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதில் கொஞ்சம் சக்தி கரையும், கொஞ்சம் வெளியே கசியும். நம்முடையது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை. 41 ஹெர்ட்ஸ் அலைக்குப் போக்கிடமே இல்லை. அளந்து பார்த்தால் பக்கத்து அதிர்வெண்களைவிட 10 டெசிபெல் அதிகமாக ஒரு முகடு நிற்பது சாதாரணம். அங்கே ஒருவருக்கு ‘கொஞ்சம் உதவும்’ என்ற அளவில் இருக்கும் ஈக்யூ, இங்கே கிட்டத்தட்ட அவசியமாகிவிடுகிறது.

சுவரில் ஒட்டும் கறுப்பு ஃபோம் இதைச் சரிசெய்யாது. 41 ஹெர்ட்ஸ் அலையின் கால் நீளமே இரண்டு மீட்டருக்கு மேல். இரண்டு அங்குல ஃபோம் அதற்கு எந்த மூலைக்கு?

ஈக்யூவால் முடிவதும் முடியாததும்

முகட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. எந்த வழியை எடுத்தாலும் இந்த விதி மாறாது. 41 ஹெர்ட்ஸில் 10 டெசிபெல் முகடு இருந்து அதை வெட்டினால், அந்த இடத்தில் சப்வூஃபருக்குப் போகும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். சத்தம் சமமாவதோடு, அந்த அதிர்வெண் நின்ற பிறகும் அறையில் இழுத்துக்கொண்டே இருக்கும் ரீங்காரமும் குறையும். முகட்டை வெட்டும் வடிகட்டி அதன்மேல் சரியாகப் பொருந்தினால் இந்த இரண்டாவது நன்மை இலவசமாகக் கிடைக்கிறது. அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு: மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது அநேகமாக இந்த முகட்டுக்காகத்தான்.

பள்ளம் அப்படியில்லை. நேரே வரும் ஒலியும் சுவரில் பட்டு வரும் ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம் அது. ஸ்பீக்கர் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் 87 ஹெர்ட்ஸை ஒட்டி அப்படி ஒரு பள்ளம் வரலாம். அங்கே 6 டெசிபெல் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு சக்தியைக் கொட்ட வேண்டும். கூடவே சுவரிலிருந்து வரும் எதிரொலியும் அதே அளவு கூடும், பள்ளம் அப்படியே இருக்கும். ஸ்பீக்கரையோ சோபாவையோ நகர்த்துவதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

அதனால் எந்த வழிக்கும் காசு கொடுப்பதற்கு முன் ஒரு மாலை நேரத்தை நகர்த்தலுக்கு ஒதுக்குங்கள். சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பாஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டு, தரையோரமாக ஹாலைச் சுற்றி வாருங்கள். எங்கே பாஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. சோபா பின்சுவரோடு ஒட்டியிருந்தால் ஒன்றரை அடி முன்னே இழுங்கள், ஏனென்றால் சுவரோரத்தில்தான் பாஸ் குவிகிறது. ஆனால் அறையின் நட்டநடுவிலும் போடாதீர்கள். அங்கே 41 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமல் போய்விடும்.

ரிசீவரில் இருக்கும் தானியங்கி

டெனானிலும் மரான்ட்ஸிலும் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ, ஆன்கியோவில் அக்யூஈக்யூ, பயனியரில் எம்சிஏசிசி. பெயர்தான் வேறு, வேலை ஒன்று: பெட்டியோடு வரும் மைக்கைச் சோபாவில் வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு சோதனை ஒலி வரும், ரிசீவர் கேட்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளும். செலவு இல்லை, அரை மணி நேரம்தான்.

ஆனால் ஒரே பெயருக்குள் பல தரங்கள் ஒளிந்திருக்கின்றன. ஆடிஸியின் பழைய அடிமட்ட வகையான 2ஈக்யூ சப்வூஃபரின் ஒலியைத் தொடுவதே இல்லை, அளவையும் தூரத்தையும் மட்டும் வைத்துவிட்டுப் போய்விடும். அதாவது, எங்கே மருந்து தேவையோ அந்த இடத்தை விட்டுவிடும். அதற்கு மேலே மல்ட்ஈக்யூ, எக்ஸ்டி, எக்ஸ்டி32 என்று படிகள். எக்ஸ்டி32-இல் வடிகட்டியின் நுணுக்கம் முந்தையவற்றைவிடப் பல மடங்கு. டெனான் எக்ஸ்1800ஹெச், எக்ஸ்2800ஹெச் இரண்டிலும் எக்ஸ்டி, எக்ஸ்3800ஹெச்சில் எக்ஸ்டி32. ரிசீவர் வாங்கும்போது எத்தனை வாட்ஸ் என்று கேட்பவர்கள் இதையும் கேட்கலாம். பெட்டிமேல் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கைவிட இதற்கு அர்த்தம் அதிகம்.

அளக்கும் விதமும் முக்கியம். ஃபேன், ஏசி இரண்டையும் அணைத்துவிடுங்கள். மைக்கைக் குஷன்மேல் சாய்த்து வைக்காமல் ட்ரைபாடில் காது உயரத்தில் வையுங்கள். முதல் அளவை நீங்கள் உட்காரும் இடத்திலேயே எடுக்க வேண்டும், தூரமும் சத்த அளவும் அதை வைத்துத்தான் முடிவாகின்றன. மற்ற இடங்களை அதைச் சுற்றி இரண்டடிக்குள் வைத்தால் போதும், சமையலறை வாசல் வரை போக வேண்டியதில்லை. முடிந்ததும் ஸ்பீக்கர்கள் ‘லார்ஜ்’ என்று வந்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக மாற்றி, கிராஸ்ஓவரை, அதாவது சப்வூஃபரும் மற்ற ஸ்பீக்கர்களும் ஒலியைப் பிரித்துக்கொள்ளும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்வூஃபரின் தூரம் மட்டும் டேப்பில் அளந்ததைவிட நீளமாகக் காட்டும். அதைத் திருத்திவிடாதீர்கள். சப்புக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துத்தான் ரிசீவர் அப்படிக் கணக்கிட்டிருக்கிறது.

இந்த வழியின் குறை, அது எல்லாவற்றிலும் கை வைப்பது. 41 ஹெர்ட்ஸ் முகட்டை அழகாக வெட்டிவிட்டு, கேட்க நன்றாக இருந்த ஸ்பீக்கரின் மேல்பகுதியையும் நோண்டிவிடும். ஆடிஸி 2000 ஹெர்ட்ஸைத் தாண்டிய இடத்தில் வேண்டுமென்றே ஒரு சின்னக் குழி போடுகிறது. மிட்ரேஞ்ச் காம்பன்சேஷன் என்று அதற்குப் பெயர். மெய்யெழுத்துகளின் தெளிவு இருக்கும் பகுதியை ஒட்டி அந்தக் குழி விழுவதால், வசனம் மங்கியதாகப் பலருக்குத் தோன்றுகிறது. ‘கரெக்ஷன் போட்டபின் ஒலி செத்துப்போச்சு’ என்று அணைத்துவிடுபவர்கள் பெரும்பாலும் இந்த மேல்பகுதி மாற்றத்தைத்தான் சொல்கிறார்கள். அணைக்கும்போது கீழே கிடைத்த நன்மையும் சேர்ந்து போய்விடுகிறது.

இருபது டாலர் ஆப்

அந்தச் சிக்கலுக்கு மலிவான தீர்வு ஆடிஸியின் மல்ட்ஈக்யூ எடிட்டர் ஆப். போனில் ஓடும், ஒரு முறை சுமார் 20 டாலர் கட்டினால் போதும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ‘இந்த அதிர்வெண்ணுக்கு மேல் தொடாதே’ என்று எல்லை போடலாம், அந்தக் குழியையும் அணைத்துவிடலாம். எல்லையை 300 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால், நான் மேலே சொன்ன கட்சி அப்படியே அமலாகிவிடும். வாங்குவதற்கு முன் உங்கள் ரிசீவர் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய மாடல்களுக்கு இது வேலை செய்யாது.

விண்டோஸ் கணினியில் ஓடும் மல்ட்ஈக்யூ-எக்ஸ் என்ற பெரிய வடிவமும் உண்டு. அது 200 டாலர். அந்தக் காசை அதில் போட நான் சொல்ல மாட்டேன். அதற்கு என்னென்ன கிடைக்கும் என்பதைக் கீழே பாருங்கள்.

டிராக்

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் தொடங்கிய நிறுவனம் டிராக். ஆடிஸியோடு ஒப்பிட்டால் அதன் பெரிய பலம் வெளிப்படைத்தன்மை. எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்ற உங்கள் அறையின் வளைவைத் திரையில் காட்டும், எப்படி வேண்டுமோ அப்படி இலக்கு வளைவை இழுத்து வைக்கலாம், எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று இரு பக்கமும் எல்லை போடலாம். அளவில் மட்டுமல்லாமல் நேரத்திலும் ஒலியைச் சீர்செய்வதாக அந்த நிறுவனம் சொல்கிறது. நன்றாக அமைத்த டிராக்கில் முன் ஸ்பீக்கர்களுக்கு நடுவே குரல் கூர்மையாக நிற்பதைக் கேட்டிருக்கிறேன், மறுக்க மாட்டேன்.

ஆன்கியோ ஆர்இசட்50 போன்றவற்றில் டிராக் ரிசீவரோடு சேர்ந்தே வருகிறது. டெனான், மரான்ட்ஸின் மேல்நிலை மாடல்களில் தனியாகக் காசு கட்டித் திறக்க வேண்டும். அங்கே இரண்டு உரிமங்கள்: 500 ஹெர்ட்ஸ் வரை மட்டும் திருத்துவது, முழு வீச்சும் திருத்துவது. முதலாவது விலை குறைவு. நமக்கு வேண்டியதெல்லாம் அந்த 500-க்குள்ளேயே அடங்கிவிடுவதால், முழு உரிமத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் அவசியம் பெரும்பாலான ஹால்களில் இல்லை. இரண்டு சப்வூஃபர்களை ஒன்றாக ஒத்திசைக்கும் பாஸ் கன்ட்ரோல் தனி உரிமம். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஒரு நல்ல சப்வூஃபரின் விலை வந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

மினிடிஎஸ்பியும் ஒரு மைக்கும்

கையால் செய்துபார்க்கப் பிரியப்படுபவர்களுக்கு இதுதான் வழி. மூன்று பொருட்கள். ஹாங்காங் நிறுவனமான மினிடிஎஸ்பியின் 2எக்ஸ்4 ஹெச்டி என்ற சின்னப் பெட்டி, அதே நிறுவனத்தின் யூமிக்-1 என்ற யுஎஸ்பி மைக், அப்புறம் ஜான் மல்கஹி எழுதிய ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள். மென்பொருள் இலவசம். பெட்டி 200 டாலருக்குச் சற்று மேலே, மைக் 100 டாலரை ஒட்டி, அதோடு இறக்குமதி வரியும் சேரும்.

ரிசீவரின் சப்வூஃபர் அவுட்டுக்கும் சப்புக்கும் நடுவே பெட்டியைச் செருக வேண்டும். மைக்கோடு அதன் வரிசை எண்ணுக்கென்றே ஒரு திருத்தக் கோப்பு கிடைக்கும், அதை மென்பொருளில் ஏற்றி அளந்தால் வளைவு கண்ணெதிரே விரியும். எந்த அதிர்வெண், எவ்வளவு டெசிபெல், எவ்வளவு அகலம் என்று மூன்றையும் நீங்களே வைக்கலாம். பழைய டெக் செட்டுகளில் வரிசையாக நகர்த்தும் குமிழ்கள் இருந்தனவே, அந்த கிராஃபிக் ஈக்வலைசரால் இது முடியாது. நல்ல 31 பட்டைக் கருவியில்கூடக் குமிழ்கள் 40, 50, 63 என்று நிற்கும், உங்கள் முகடு 45-இல் இருந்தால் இரண்டு குமிழையும் இழுத்துத் தடவ வேண்டியதுதான். 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பலர் மேடைக் கச்சேரிக்கான பெரிங்கர் ஃபீட்பேக் டெஸ்ட்ராயரை வாங்கி இதே வேலைக்கு வீட்டில் மாட்டினார்கள். மினிடிஎஸ்பி அந்த வழியில் வந்த வாரிசு.

இதன் எல்லை, சப்வூஃபரை மட்டும் பார்த்துக்கொள்ளும் என்பது. கிராஸ்ஓவர் 80-இல் இருந்தால், 82-க்கு மேலே உள்ள முகடுகள் பெரும்பாலும் மற்ற ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் வருகின்றன. அவற்றுக்கு ரிசீவரின் தானியங்கியே கதி. அதனால் முதலில் மினிடிஎஸ்பியில் சப்பைத் திருத்திவிட்டு, அதன்பின் ரிசீவரின் அளவையை ஓட்டுவதே சரியான வரிசை. பெட்டி சேர்க்கும் தாமதமும் அப்போது தானாகக் கணக்கில் வந்துவிடும்.

என் அபிப்பிராயத்தில் இந்தக் கூட்டில் உண்மையான பொக்கிஷம் மைக்தான். ஆடிஸியாக இருந்தாலும் டிராக்காக இருந்தாலும் ‘சரியாகிவிட்டது’ என்று அதுவே சொல்லிக்கொள்ளும். வெளியிலிருந்து அளந்தால்தான் உண்மை தெரியும். சோபாவை ஒன்றரை அடி இழுத்ததில் எவ்வளவு மாறியது என்பதையும் இதில் பார்க்கலாம். கணினி வழியாக நடத்தும் டிராக்கின் அளவைக்கும் இதே மைக் பயன்படும், எனவே நாளைக்கு வழி மாறினாலும் காசு வீணில்லை.

நான்கு காதுகள் கொண்ட மைக்கோடு வரும் பிரெஞ்சு டிரின்னோவ் கருவிகள் இன்னொரு உலகம். தனி தியேட்டர் அறை கட்டுபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சவுண்ட்பார் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே அதிகம் சொல்ல இல்லை. அதில் என்ன திருத்தம் கொடுத்திருக்கிறார்களோ அதுதான், அதோடு பாஸ் அளவைக் கூட்டிக் குறைக்கலாம்.

யாருக்கு எது

டெனானோ மரான்ட்ஸோ ஏற்கெனவே வீட்டில் இருந்து, மாடல் பட்டியலிலும் இருந்தால் 20 டாலர் ஆப். இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். செலவுக்குக் கிடைக்கும் பலனில் வேறு எதுவும் பக்கத்தில் வராது. மற்ற கம்பெனி ரிசீவர் இருந்து, அதன் தானியங்கி சப்பைத் தொடாமல் விடுகிறது என்றால் மினிடிஎஸ்பி. அந்த ரிசீவரைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவதைவிட இது மலிவு. கணினியில் வளைவுகளைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பொறுமை இல்லாதவர்கள் மட்டும் இதைத் தவிர்க்கலாம், பாதியில் விட்டால் முன்பிருந்ததைவிட மோசமாகிவிடும்.

திருத்தியபின் ஒரு வாரம் பொறுங்கள். குமுறலுக்குப் பழகிய காதுக்கு முதல் நாள் பாஸ் குறைந்ததுபோலத்தான் இருக்கும். மட்டமான நேர்கோடு வீட்டுக்குள் சன்னமாகவே கேட்கும், அதனால் இலக்கு வளைவைக் கீழ்ப்பக்கம் நாலைந்து டெசிபெல் ஏற்றி வைப்பது வழக்கம். முகட்டை வெட்டிவிட்டு மொத்த பாஸையும் சீராக ஏற்றலாம், அது ருசியைப் பொறுத்தது. இரவில் குறைந்த சத்தத்தில் படம் பார்ப்பவர்களுக்கு ஆடிஸியின் டைனமிக் ஈக்யூ உதவும். சத்தம் குறையக் குறையக் காது பாஸை இழப்பதை அது ஈடுகட்டுகிறது.

ரிசீவரே இன்னும் வாங்காதவர்களுக்குத்தான் கணக்கு மாறுகிறது. மேலே சொன்ன எல்லா வழியும் ஒரு நாற்காலிக்குச் சரிசெய்தால் பக்கத்து நாற்காலியில் ஓரளவுதான் சரியாகும், ஏனென்றால் முகடும் பள்ளமும் இடத்துக்கு இடம் வேறு. குடும்பமே வரிசையாக உட்காரும் ஹாலில் அந்த வேறுபாட்டைக் குறைப்பது இரண்டாவது சப்வூஃபர். ஒலிக்கருவி நிறுவனமான ஹார்மனில் டாட் வெல்ட்டி செய்த ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சப் வைப்பதே சிக்கனமான நல்ல ஏற்பாடு என்று காட்டியது. ஆகவே டிராக் உரிமத்துக்கு ஒதுக்கிய பணத்தை ரிசீவரிலேயே போட்டு, இரண்டு சப்பைத் தனித்தனியாக அளக்கக்கூடிய மாடலை எடுங்கள். பெரிய சப் ஒன்றா, அதே விலையில் சின்னது இரண்டா என்றால் இரண்டு. வாங்குவதற்கு முன் பின்சுவர் நடுவில் ப்ளக் பாயின்ட் இருக்கிறதா, ரிசீவரிலிருந்து அதுவரை கேபிள் போக வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். நம் ஹால்களில் பாதிக்கு இரண்டும் இருக்காது.